மஞ்சள் தண்ணீர் போன வழி

புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் என் அக்கா லில்லெஸ்ட்ரோமிலிருந்து ரயிலேறி வந்தார். கையில் நிலம் தேய்க்க ஒரு தும்புத்தடி. குடிபுகுமுன் வீட்டை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும் என்பது அக்காவின் சட்டம். தெளித்தால் போதாதா என்று கேட்ட என்னை, வெற்றிலை வாங்கிவரச் சொல்லித் துரத்திவிட்டார்.

நோர்வேயின் ஹவுகன்ஸ்டுவாவில் நான் வாங்கிய அந்த மாடிவீட்டின் குசினியில் அடுப்படி நிலம் பார்வைக்கு அசல் கருங்கல். உண்மையில் அது கல்லைப்போல் அச்சடித்த லமினேட் பலகை. அக்கா பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பல வருடம் நிலம் கழுவியவர். கல் நிலம் என்றால் தண்ணீர் போக ஒரு மூலையில் துவாரம் இருக்கும் என்று நம்பி, வாளி வாளியாக ஊற்றியிருக்கிறார். துவாரம் இல்லை. தண்ணீர் தன்பாட்டில் ஒரு வழியைப் பார்த்துக்கொண்டது.

வெற்றிலையோடு திரும்பினால், கீழ்வீட்டுக்காரி வாசலில் நிற்கிறார். நோர்வேப் பெண்மணி. தன் குசினி முகட்டிலிருந்து மஞ்சளாக ஏதோ சொட்டுகிறது என்று மிக மரியாதையாகச் சொன்னார். அன்று மாலையே காப்புறுதிக் கம்பனியிலிருந்து சேதம் பார்க்க வந்தவர், குழாய் உடைந்ததா என்று கேட்டார். குழாய் இல்லை, என் அக்காதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நிலத்தைப் பெயர்த்தார், உலர்த்தும் இயந்திரத்தை வைத்தார், ஈரம் காயும்வரை மின்னடுப்பைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கெட்ட கோபம். பாலும் வேண்டாம், பழமும் வேண்டாம் என்று கத்தினேன். அக்கா போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"நல்ல நேரம் தப்பினால் என்ன செய்யிறது தம்பி? உன்ரை முதல் வீடு. நானே பழுதாக்கிப்போட்டன்."

அக்கா அழுது நான் அதுவரை கண்டதில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

சத்தம் கேட்டு மேலே வந்த கீழ்வீட்டுக்காரி விஷயத்தை விசாரித்தார். அக்கா தன் மீன் தொழிற்சாலை நோர்வீஜிய மொழியில் பால், நேரம், தம்பி எல்லாவற்றையும் விளக்கினார். கீழே என்னுடைய அடுப்பு நன்றாகத்தானே இருக்கிறது என்றார் அந்த மனுசி.

மறுநாள் காலை, மஞ்சள் கறைக்கு நேர் கீழே, சொன்ன நேரத்துக்குப் பால் பொங்கி அவருடைய பளபளப்பான அடுப்பெல்லாம் வழிந்தது. பானையை இறக்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்ததால், கீழ்வீட்டுக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார்.

"பொங்கினது இவவின்ரை வீட்டிலை. பலனும் இவவுக்குத்தானே?" என்று அக்காவின் காதுக்குள் கேட்டேன்.

அக்கா முகட்டை அண்ணாந்து பார்த்தார்.

"தண்ணி கீழை வந்த வழியாலை ஆவி மேலை போகாதோ?"