லச்சக்

தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் தில்லி ஜனக்புரியில் இருந்தபோது நடந்தது. அப்பாவுக்கு வங்கி வேலை. நான் சின்ன வயதிலிருந்தே பரதநாட்டியம் கற்றுவந்தேன். கட்டை விரலை மடித்தால் முன்கையோடு ஒட்டிக்கொள்ளும். முழங்கை எதிர்ப்பக்கமாக வளையும். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா, "அந்த விரலைக் கொஞ்சம் காட்டேன்டி" என்பாள். மாடிவீட்டு பஞ்சாபி ஆன்ட்டி என் கன்னத்தைக் கிள்ளி, "க்யா லச்சக் ஹை!" என்று கொஞ்சுவார். என்ன வளைவு, என்ன நளினம் என்று அர்த்தம். அம்மாவுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அவளுக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை அதுதான்.

வளர வளர வலி வந்தது. முதலில் முழங்கால், அப்புறம் இடுப்பு. அரைமண்டியில் உட்கார்ந்து எழுந்தால் முட்டிச் சில்லு இடம் மாறுவது போலிருக்கும். டான்ஸ் மிஸ்ஸிடம் சொன்னேன்.

"ரப்பர் மாதிரி வளையறே, உனக்கென்னடி வலி? கட்டையா இருக்கறவாளே ஆடறா!"

அம்மா தில்லிக் குளிரைத் திட்டிக்கொண்டே கடுகெண்ணெய் தேய்த்தாள். வலிக்கிறது என்றாலே டிமிக்கி கொடுக்கிறேன் என்று ஆகிவிட்டது. நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

அரங்கேற்றம் நெருங்கும்போது முட்டி வீங்கிவிட்டதால் பக்கத்து பிளாக் டாக்டரிடம் போனோம். ஒவ்வொரு மூட்டாக மடக்கிப் பார்த்தவர், "ஜோடோன் மே லச்சக் பஹுத் ஜ்யாதா ஹை" என்றார். மூட்டுகளில் லச்சக் ரொம்ப அதிகம். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஹாஞ்ஜி, டான்ஸர் ஹை!" என்றாள் பெருமையாக. அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஓய்வு கொடுங்கள் என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். பள்ளியில் இந்தி படித்த நானும் சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். அந்த வார்த்தையைப் பாராட்டாகத் தவிர நான் கேட்டதே இல்லையே!

இரண்டு நாள் படுத்துவிட்டு மறுபடி ஆடினேன்.

அரங்கேற்றத்தில் வர்ணம் பாதி ஆகியிருந்தது. முழுமண்டியிலிருந்து எழும்போது சில்லு பக்கவாட்டில் நழுவியது. மேடையிலேயே விழுந்தேன். என்ன நடந்தது என்று புரியாமல் மிருதங்கம் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டே இருந்தது. முன்வரிசையிலிருந்து மாடிவீட்டு ஆன்ட்டி ஓடிவந்து, "ஹாய் ராம், லச்சக் ஆ கயீ!" என்று அலறினார்.

அம்மா அழுதுகொண்டே, "விழுந்து கெடக்கா, இப்பப் போய் லச்சக்குங்கறாளே!" என்றாள். அந்த வார்த்தைக்குச் சுளுக்கு என்றும் அர்த்தம் உண்டு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் புரியும்படி சொன்னார்கள். பிறவியிலேயே என் மூட்டுத் தசைநார்கள் தளர்ந்தவை. எலும்பை இழுத்துப் பிடிக்காது. எல்லோரும் கைதட்டியதே அந்தக் கோளாறுக்குத்தான். இனி ஆடக்கூடாது. "அந்த டாக்டர் லச்சக்குன்னு சொன்னது இதைத்தானா?" என்று அம்மா கேட்டாள். அதற்கப்புறம் அவள் என் விரலை யாரிடமும் காட்டச் சொன்னதில்லை.

இன்றும் மாடிப்படி ஏறினால் முட்டி நழுவுகிறது. பாட்டில் மூடி திறக்க ஆள் வேண்டும். போன வருஷம் ஒரு கல்யாணத்தில், விரலைப் பின்னால் வளைத்துக் காட்டிய குட்டிப் பெண்ணுக்கு எல்லோரும் கைதட்டினார்கள். அருகில் போய், "வலிக்கிறதாம்மா?" என்று கேட்டேன். அவள் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். கைதட்டல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை வலியைச் சொல்ல வாய் வராது என்பது என் முட்டியைக் கொடுத்து நான் தெரிந்துகொண்டது. அதை அந்தக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.