யாரையும் கழிக்காத ஜெசிந்தா

ஜெசிந்தா போய்விட்டாள் என்ற செய்தி வந்த நேரம் நான் கொஸ்லந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடு ஒன்றில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தேன். பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம். பேச்சு நல்லபடியாக நகர்ந்து, நாள் குறிக்கலாமா என்ற இடத்துக்கு வந்திருந்தது. அப்போது பெண்ணின் அம்மாவுக்கு போன் வந்தது. காதில் வைத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, பதுளை ஜெசிந்தா மிஸ் போயிட்டாங்களாம்!"

அதைக் கேட்டு மாப்பிள்ளையின் அம்மாவும் அழத் தொடங்கினாள். "எங்க மூத்தவனுக்கு அவங்கதானேங்க பாத்துக் குடுத்தாங்க!" இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சாவுச் செய்தி விழுந்த வீட்டில் நாள் குறிக்க வேண்டாம் என்று பெரியவர் ஒருவர் சொல்ல, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது என் சம்பந்தங்களைக் கலைத்தவள், போகும்போதும் ஒன்றைக் கலைத்துவிட்டுத்தான் போனாள். பஸ்ஸில் பண்டாரவளை வரும்வரை எனக்கு இந்த நினைப்புத்தான். இறங்கிய பிறகுதான் அழுகை வந்தது. பஸ் நிற்கும் இடத்தில் மரக்கறிக் கூடைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். ஒருவரும் என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் முழுக்க அவளுக்காக ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டிருந்தது. என்னைத் தேற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் மனோன்மணி. கல்யாணத் தரகு பார்க்கிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பசறை, ஹாலிஎல, எல்ல என்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நான் ஏறாத லயம் இல்லை. பையில் போட்டோக்களும் சாதகங்களும் இருக்கும், மற்றதெல்லாம் வாயில். ஜெசிந்தா பதுளையில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருந்தவள். கல்யாணத்துக்கு ஆள் தேடும் வெப்சைட் ஒன்றையும் அங்கிருந்துதான் நடத்தினாள். அவள் இறந்து ஒரு மாதம் நிறையும் திருப்பலிக்கு, அந்தத் தளத்தில் போட நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று அவள் கணவர் அந்தோனி கேட்டார். படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க என்னை ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "அவள மாதிரியே வேல பாத்தது நீங்க மட்டுந்தானேங்க," என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் எழுதுகிறேன்.

தளம் தொடங்கிய காலத்தில் நான் நம்பிக்கையோடு இருந்தேன், அது ஓடாது என்று. ஆயத்தமாகக் கிடைக்கிற ஒரு தளத்தை எடுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் போட்டிருந்தாள். பெயர், வயது, ஊர், வேலை, போட்டோ. மேலே தேடுவதற்கு ஒரு பெட்டி. பசறையில் ஒரு தாய், பெண்ணுக்கு மாப்பிள்ளை வேண்டும் என்று அந்தப் பெட்டியில் "பண்டாரவளை டிரைவர்" என்று போட்டிருக்கிறாள். தளத்தின் ஓரத்தில் வாடகை வேன்காரர் ஒருவர் விளம்பரம் கொடுத்திருந்தார். முதலில் வந்தது அதுதான். தாய் உடனே போன் எடுத்து, "தம்பி, உங்களுக்கு எத்தன?" என்று வயதைக் கேட்க, அவர் "பதினாலு சீட்டும்மா, ஏசி இருக்கு," என்றாராம். நான் இதைப் பெரட்டுக்களத்துப் பக்கம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம் அது. அங்கே காலையில் சொன்னால் மாலைக்குள் மலை முழுக்கப் போய்விடும்.

ஜெசிந்தாவிடமே போய்ச் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"தேடுன்னா அது தளம் முழுக்க ஓடுதுக்கா. பிள்ளைகளோட பக்கத்துல மட்டும் தேடுன்னு நம்மதான் சொல்லி வைக்கணும்."

"அப்ப மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லணும்னு அந்த வேன்காரர் வந்துதானே சொல்லிக் குடுத்தாரு."

அன்றைக்கே சரி செய்துவிட்டாள். பிறகு வேன்காரர் வரவில்லை.

அடுத்தது இன்னும் நல்ல கதை. கல்யாணம் முடிந்து பிள்ளையும் பெற்றுவிட்ட ஒருவனின் பக்கத்தை யாரும் எடுக்கவில்லை. அவன் பார்க்க லட்சணமாக இருப்பான். யார் தேடினாலும் சிரித்துக்கொண்டு வந்து நிற்பான். கடைசியில் அவன் மனைவி கைப்பிள்ளையோடு கடைக்கு வந்துவிட்டாள். "மிஸ், இது என் வீட்டுக்காரரு. எனக்குச் சக்களத்தி தேடுறீங்களா?" கடையில் நின்றவர்கள் எல்லாம் கொப்பி எடுப்பதை விட்டுவிட்டு இதைப் பார்த்தார்கள். ஜெசிந்தா அவளை உட்கார வைத்து, பிளேன்டீ கொடுத்து, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, அவள் கண் முன்னாலேயே அந்தப் பக்கத்தில் "முடிந்தது" என்று குறி போட்டாளாம். அந்தக் குறி இருப்பவர்களைத் தேடலில் காட்டாதே என்று தளத்துக்கும் எழுதி வைத்தாள். நான் அந்தச் சண்டையை லயம் லயமாகக் கொண்டுபோனேன். கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அப்படி ஒரு கடை பதுளையில் எங்கே இருக்கிறது என்று என்னிடமே வழி கேட்டார்கள். நான் கால் வலிக்க நடந்து அவளுக்கு விளம்பரம் செய்திருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தரகர் தன் பிள்ளைக்குத் தானே பேசக் கூடாது. பேசினாலும் எடுபடாது. ஊரில் உள்ள பெண்ணையெல்லாம் தங்கம் என்று சொல்கிற வாய், தன் பெண்ணைத் தங்கம் என்றால் யார் நம்புவார்கள்? வேறொரு வாய் வேண்டும். என் மகள் சுகந்தி கொழும்பில் தையல் தொழிற்சாலையில் இருந்து, தம்பிமாரை ஆளாக்கிவிட்டுத் திரும்பியபோது முப்பத்தாறு வயதாகிவிட்டது. நான் போகிற வீடுகளில் பிளேன்டீயோடு சேர்த்து இதையும் கொடுப்பார்கள். "ஏன்க்கா, ஒங்க வீட்டுலயே ஒண்ணு இருக்காமே?" சிலர் அக்கறையாகக் கேட்பார்கள், சிலர் வேண்டுமென்றே கேட்பார்கள். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது எனக்கு எல்லாம் ஒன்றுதான். எனக்காகப் பேச இந்தப் பக்கத்தில் இருந்த ஒரே வேறு வாய் ஜெசிந்தாவுடையது. அவளிடம் கேட்பதை விட மகள் என்னோடே இருக்கட்டும் என்று இருந்தேன்.

சுகந்தி என்னிடம் சொல்லாமல் தானே போய்த் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். தெரிந்த அன்று நான் கடைக்குள் செருப்போடு ஏறினேன்.

"யாரக் கேட்டு என் மகள இதுல போட்ட?"

"ஒங்க மகளக் கேட்டுத்தான்க்கா."

"தரகர் மக கடையில தொங்குறான்னு ஊர் சிரிக்காதா?"

"அந்தக் கவலையே வேணாம். ஒருத்தரும் பாக்கல."

சொல்லிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள். "இப்ப நான் ஒரு பையனோட அம்மா," என்று சொல்லி, பதுளை, வயது முப்பது வரை என்று போட்டாள். சின்னப் பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக வந்தன. சுகந்தி இல்லை. முப்பத்தைந்து வரை என்று மாற்றினாள். இல்லை. பெட்டியில் ஒன்றுமே போடாமல் எல்லோரையும் வரவழைத்து, கீழே கீழே இழுத்துக்கொண்டு போனாள். அங்கே என் மகள் நீலச் சட்டையில் சிரிக்காமல் நின்றாள்.

"இருக்காக்கா. ஆனா யாரு கூப்பிட்டாலும் வரமாட்டா."

முப்பதுக்குள் என்று ஒரு வீட்டில் கேட்டால், மற்றப் போட்டோக்களை நானும் பையிலிருந்து வெளியே எடுப்பதில்லை. என் பைக்குள்ளேயும் அப்படி எத்தனையோ பேர் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு வேலை செய்தாள். கேட்டதற்குப் பொருந்தாததை விலக்கிவிடுவதுதான் அந்த மாதிரித் தேடலின் பழக்கமாம். அவள் அதை மாற்றி எழுதினாள். வயதை வைத்து வரிசைப்படுத்தலாம், ஆளை விலக்கக் கூடாது என்று. கேட்ட வயது முதலில் வரும், கிட்டத்து வயது அடுத்தது, மற்றவர்கள் அதற்கும் பின்னால். யாராவது ஒரு தரம் தேடினால் எல்லோரும் அதற்குள் இருப்பார்கள். இதற்காகப் பல நாள் கடையை அந்தோனியிடம் விட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் இருந்தாள். தெரிந்தவர்கள் போனில், இப்படி யாரும் செய்வதில்லை என்றார்களாம். பெற்றோர் வந்து சண்டை பிடித்தார்கள்.

"முப்பதுக்குள்ளன்னு கேட்டா நாப்பது வரைக்கும் காட்டுறீங்க. என்ன மிஸ் இது?"

"வேணாம்னா கீழ போகாதீங்கம்மா. ஒங்க வெரல நிப்பாட்டுங்க."

சிலர் தங்கள் பிள்ளைகளின் பக்கங்களை எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் எடுத்துக் கொடுத்தாள், மாற்றியதை மாற்றவில்லை. "ஆள் இல்லாம இல்ல. கண்ணுல படல, அவ்வளவுதான்," என்று அடிக்கடி சொல்வாள். கடைக்குப் போன உங்கள் எல்லோருக்கும் சொல்லியிருப்பாள்.

என் மகளுக்காகத்தான் செய்தாயா என்று ஒரு நாள் கேட்டேன். ஆமாம் என்பாள் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"ஒங்க மகளுக்கு மட்டும்னா அவளத் தூக்கி மேல வச்சிருப்பேன்க்கா. அது ஒரு நிமிச வேல."

இதற்குக் கூட எரிந்தது எனக்கு. பின்னால் நின்ற அத்தனை பிள்ளைகளுக்காகவும் செய்தாளே, எனக்கென்று ஒன்றைச் செய்யவில்லையே என்று.

பண்டாரவளையில், பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் பேக்கரிப் பாண் விற்கிற ரவிக்கு அப்போது முப்பத்தெட்டு. ரயில் கடவையில் நிற்கும் நேரத்தில் போனை எடுத்துப் பார்ப்பாராம். வயதை அவர் அம்மா போட்டுக் கொடுத்திருந்தாள், முப்பது வரை என்று. அவர் விரலை நிறுத்தவில்லை.

பெண் பார்க்க வந்தபோது, வழக்கப்படி நான் வாயைத் திறக்கக் கூடாது. ஜெசிந்தா பேசினாள். அப்படி ஒரு மோசமான பேச்சை என் தொழிலில் நான் கேட்டதில்லை. "வயசு முப்பத்தாறு. கோவம் வரும். சமையல் சுமார்," என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. நானாக இருந்தால் தையல் வேலையில் தொடங்கி, தம்பிமாருக்குச் செய்ததில் வந்து, வயதைக் கடைசியில் சிரிப்போடு சேர்த்துச் சொல்லியிருப்பேன். ரவியின் அம்மா மகனைப் பார்த்தாள்.

"இந்தப் பிள்ளைய எங்கடா புடிச்ச?"

"கீழ வரைக்கும் போனேன்ம்மா," என்றார் அவர். சுகந்தி தேத்தண்ணித் தட்டோடு நின்று சிரித்துவிட்டாள். போட்டோவில் சிரிக்காதவள்.

கல்யாணத்தில் தரகருக்குத் தாம்பூலத் தட்டு கொடுப்பது பெண்ணின் தாய். வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு சேலை. எத்தனையோ வீட்டில் அந்தத் தட்டை வாங்கிய கை என்னுடையது. அன்றைக்கு என் கையால் அவளுக்குக் கொடுத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் குனிந்து அந்தப் பச்சைச் சேலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னாள்.

"பச்சை எனக்குப் பொருந்தாதேக்கா."

"தெரியும்," என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த பழம் உருண்டு விழுந்தது. அந்தக் கூட்டத்தில் அவள் எதற்குச் சிரித்தாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவளைப் பற்றி எல்லோரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இந்த ஒன்று என்னுடையது. யாருக்கும் தர மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்கப் போனபோது கட்டிலைச் சுற்றி இடமில்லை. அவள் சேர்த்து வைத்த சோடிகள், அவர்களின் பிள்ளைகள், ஆரஞ்சுப் பழப் பைகள். நான் சேர்த்து வைத்தவர்கள் என்னை இப்படிப் பார்க்க வருவார்களா என்று எண்ணியபடி கால்மாட்டில் நின்றேன். அவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நான் போயிட்டா ஒங்களுக்கு நல்லா ஓடும்க்கா."

"ஓடுந்தான்."

"சந்தோசமா?"

"மொதல்ல எந்திரிச்சு வா. பெறகு சொல்றேன்."

எழுந்து வரவில்லை.

அந்தோனி தளத்தை மூடவில்லை. சுகந்தி கிழமையில் சில நாள் கடைக்குப் போய் அதைப் பார்த்துக்கொள்கிறாள். என் மகள் ஒரு நாளும் என் பையைத் தூக்கியதில்லை. ஜெசிந்தாவின் நாற்காலியில் மட்டும் போய் உட்காரத் தெரிகிறது. வயதுத் தேடலைப் பழையபடி மாற்றித் தருமாறு பெற்றோர் கேட்டால், ஜெசிந்தா சொன்ன பதிலையே அவளும் சொல்கிறாளாம்.

எனக்கு இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. பழைய வீடுகள் திரும்ப என்னைக் கூப்பிடுகின்றன. போன வாரம் ஹாலிஎலப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். பையனின் அம்மா, "முப்பது தாண்டினது வேணாங்க, எடுக்கவே எடுக்காதீங்க," என்றாள். முன்பென்றால் சரி என்று நாலு போட்டோவை வைத்துவிட்டு எழுந்திருப்பேன். இந்தத் தரம் பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் பாயில் வரிசையாக வைத்தேன். கேட்டது முன்னால், கிட்டத்தது அடுத்தது, மற்றவர்கள் பின்னால். கைம்பெண் ஒருத்தி, கால் கொஞ்சம் இழுத்து நடக்கிற ஒருத்தி, நாற்பது வயதுக்காரி ஒருத்தி. இப்போது எந்த வீட்டிலும் இப்படித்தான், வைத்து முடிக்க நேரமாகிறது. தேத்தண்ணி ஆறிப்போகிறது. பஸ் போய்விடுகிறது. அவளைத் திட்டிக்கொண்டுதான் வைக்கிறேன். அன்று பையன் மட்டும் பாயின் அந்தக் கோடி வரைக்கும் நகர்ந்து நகர்ந்து பார்த்தான்.

"இப்படி யாரும் காட்டுனதில்லையே. இது யாரோட வழக்கங்க?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"என்னோடதுதான்," என்றேன். அவள் வாழ்ந்த காலம் முழுக்க எல்லா நல்ல பேரும் அவளுக்கே போனது. அந்த வீட்டில் இதையாவது நான் எடுத்துக்கொண்டேன். உண்மையில் யாருடையது என்று எழுதி உங்களிடம் கொடுத்துவிட்டேன், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.