காப்பர்பேண்ட் மீனுக்குச் சிப்பி கொடுத்தது

கொட்டாரம் ஊரிலிருந்து ரோஸ்லின் அக்காவின் போன் வந்தபோது, நான் வடசேரிக் கடையில் டிரம்மில் உப்புநீர் கலக்கிக்கொண்டிருந்தேன்.

“பிள்ளே, நீ விட்டுட்டுப் போன மீன் ஒண்ணுமே திங்கேல்ல, கேட்டியா. வயிறு உள்ள ஒட்டிப் போச்சு. அவரு லீவுக்கு வரதுக்குள்ள அது செத்துதுன்னா டேங்கத் தூக்கி வித்துருவாரு.”

மீன்வளப் படிப்பு முடித்து, வீடுகளில் பவளமும் கடல்மீனும் வளர்க்கும் ரீஃப் டேங்குகளைப் பராமரிக்கும் சிறிய கடை ஒன்றில் வேலை பார்த்த காலம் அது. மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டுகள். பவளங்களைவிட இன்வெர்ட்டர் பேட்டரியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருந்தது.

அக்காவின் கணவர் கப்பலில் என்ஜினியர். ஒரு லீவில் ஆசைப்பட்டு ஹாலில் பெரிய ரீஃப் டேங்க் வைத்தார். லீவு முடிந்ததும் கப்பலேறிவிட்டார். அதை வளர்த்தது அக்காதான். காலையில் விளக்கு எரிந்து பவளங்கள் விரியும் நேரத்தில் அதன்முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கட்டன்சாயா குடிப்பார். அந்த நேரத்தில் யார் போன் செய்தாலும் எடுக்கமாட்டார்.

பிரச்சினை ஐப்டேசியா. கடலிலிருந்து எடுத்து டேங்கில் வைக்கும் லைவ் ராக் பாறையில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சிறிய கடற்சாமந்தி. வயலில் களை பரவுவதுபோல் பரவும். பக்கத்திலிருக்கும் பவளத்தைக் கொட்டித் தீய்க்கும். பிய்த்தெடுத்தால் மிச்சமிருக்கும் துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும். டேங்கில் பாதிப் பாறையை அது பிடித்திருந்தது. இன்னொரு லீவிலும் இதே கோலத்தில் பார்த்தால் டேங்கை விற்றுவிடுவதாகக் கணவர் சொல்லியிருந்தார். ஐப்டேசியாவை விரும்பித் தின்னும் மீன் ஒன்று உண்டு: காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை. அதை விடலாம் என்று சொன்னவள் நான்.

கடை முதலாளி அருள்ராஜ் அண்ணனுக்கு அதில் விருப்பமில்லை. “மக்கா, அது பட்டினி கிடந்தே சாவுற மீனாக்கும். பெல்லட் தீனி திங்கிற மீனா ஒண்ணு சொல்லப்பிடாதா?”

“பெல்லட் திங்கிற மீன் ஐப்டேசியாவத் திங்காது அண்ணே.”

“செத்தா நீதான் போய் பதில் சொல்லணும்.”

சொல்கிறேன் என்றேன்.

கடையில் தின்றது

காப்பர்பேண்ட் வாங்கும்போது நான் பார்ப்பவை இவை. நீண்ட மூக்கின் நுனியில் காயம் இருக்கக்கூடாது. முதுகுச் சதை வற்றிக் கத்திபோல் ஒடுங்கியிருக்கக்கூடாது. மிக முக்கியமாக, மீன் பாறை இடுக்குகளைக் கொத்தித் தேடிக்கொண்டிருக்க வேண்டும். மூலையில் அசையாமல் நிற்பது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மொத்த வியாபாரியிடம் அப்படிக் கொத்தித் தேடும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடையில் குவாரண்டைன் டேங்கில் தனியாக வைத்தேன். பெல்லட்டை வாயில் வாங்கித் துப்பியது. உறையவைத்த இறாலைத் திரும்பிப் பார்க்கவில்லை. உப்பளத்திலிருந்து உயிரோடு கொண்டுவந்த ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலை ஒன்றிரண்டு பொறுக்கியது; அது பசியாறப் போதாது. பிறகு முட்டம் கடலோரப் பாறையில் எடுத்த சிப்பியை உயிரோடு வாங்கி, கத்தியால் திறந்து, ஒரு பக்க ஓட்டோடு பாறையிடுக்கில் செருகினேன். மீன் வந்தது, பார்த்தது, இடுக்கிபோன்ற வாயை உள்ளே விட்டுச் சதையைப் பிய்த்தது. அதற்குப்பின் என் கையில் சிப்பியைக் கண்டாலே கண்ணாடியோரம் வந்து நிற்கும்.

“நானே ஞாயித்துக்கிழமதான் சிப்பி திங்கேன். இவரு தெனமும் திங்காரு,” என்றார் அண்ணன்.

நன்றாகத் தேறிய பிறகு கொட்டாரத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். புது இடம் பழகி ஐப்டேசியாவைக் கண்டுபிடிக்கும்வரை தினமும் சிப்பி கொடுக்க வேண்டும். எப்படித் திறப்பது, எங்கே செருகுவது, மிச்சத்தை எப்போது எடுப்பது என்று சொல்லத் தொடங்கினேன். அக்கா சிரித்துவிட்டார்.

“ஏட்டி, முட்டத்துல பொறந்தவளுக்கு சிப்பி தெறக்கப் படிச்சுத் தரியா?”

நானும் சிரித்தேன். மீனைவிட்டு, வெப்பநிலையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

வீட்டில் தின்னாதது

போன் வந்த அன்று டெஸ்ட் கிட், குவாரண்டைன் டப்பா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போகும் வழியிலேயே சந்தேகங்களை வரிசைப்படுத்திக்கொண்டேன்: தண்ணீர் கெட்டிருக்கலாம், வேறு மீன் விரட்டியிருக்கலாம், குடலில் புழு இருக்கலாம்.

உப்பளவு, அம்மோனியா, நைட்ரேட், காரத்தன்மை எல்லாம் சரியாக இருந்தன. உடன் இருந்த கோமாளி மீன்கள் தம் மூலையைவிட்டு நகரவில்லை. புழு இருந்தால் கழிவு வெள்ளை நூலாக வரும், அதுவும் இல்லை. ஆனால் மீன் மெலிந்திருந்தது. அக்கா காலையில் வைத்த சிப்பி பாறையில் அப்படியே இருந்தது. மீன் அதனருகே போகும். மூக்கை நேராக வைத்துப் பார்க்கும். ஒரு விரல் இடைவெளியில் திரும்பிவிடும்.

நோயுள்ள மீன் உணவின் பக்கமே போகாது. இது போய், பார்த்து, வேண்டாமென்று சொல்கிறது. கோளாறு மீனிடம் இல்லை, சிப்பியிடம்தான்.

“சிப்பி பழசா அக்கா?”

“இன்னைக்குக் காலத்த உசிரோட வந்ததாக்கும். மிச்சம் அடுக்களையில வாளியில கெடக்கு, போய் பாரு.”

பார்த்தேன். நல்ல சிப்பி.

டேங்கைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதில், ஃபில்டர் பஞ்சையாவது மாற்றலாம் என்று அதை வெளியே எடுத்தேன். வழக்கமான பழுப்புக்கு நடுவே மஞ்சளாக ஒரு திட்டு. மீன் உணவின் சாயமாக இருக்கும் என்று நினைத்துப் பிழிந்துவிட்டு, கை கழுவச் சோப்பைத் தேய்த்தேன். நுரை சிவந்தது.

தமிழ்நாட்டில் சமையலறைப் பக்கம் போன எவருக்கும் இதற்கு ரசாயனப் பாடம் தேவையில்லை.

“அக்கா, சிப்பியில மஞ்சள் போட்டீங்களா?”

“பின்ன? மஞ்சளும் கல்லுப்பும் போட்டு நல்லாட்டு உரச்சு மூணு தண்ணி ஊத்திக் கழுவுவேன். உள்ள கெடக்க கறுப்பையும் பிச்சு எடுத்துருவேன். வாடையோட குடுத்தா அதுக்கு வயித்துக்கு ஆவுமா?”

“அந்த வாடைக்குத்தான் அக்கா அது வரும்.”

“ஐயே! வீட்டுக்கு வந்தவங்களுக்கு மஞ்ச போடாத சிப்பி குடுத்திருந்தா எங்கம்மை என்னக் கொன்னுருப்பா.”

“இது கடல்லேருந்து வந்தது அக்கா. கழுவாமத்தான் தின்னு வளந்திருக்கு.”

அவர் முகம் வாடிவிட்டது. “அப்ப நாந்தான் அதப் பட்டினி போட்டேனா?” என்று மெதுவாகக் கேட்டார். வாளியிலிருந்து ஒரு சிப்பியை எடுத்து நீட்டினேன். “தெறங்க. ஒண்ணும் செய்யாம அப்படியே தாங்க.”

முட்டத்துக் கை. ஒரே திருப்பில் திறந்தது. கறுப்பும் சாறும் வழிய வாங்கினேன். பழைய சிப்பியை அப்புறப்படுத்தி, வாடை கலைந்துபோகாமலிருக்கப் பம்ப்பை நிறுத்திவிட்டு, பாறையில் செருகினேன்.

மீன் வந்தது. அதே ஒரு விரல் இடைவெளியில் நின்றது. அக்கா என் தோளைப் பிடித்திருந்தார். மீன் ஒருமுறை கொத்திப் பின்வாங்கியது. பிறகு மறுபடி வந்து, மூக்கை ஓட்டுக்குள் முழுவதும் நுழைத்து இழுத்தது.

“திங்குது பிள்ளே,” என்றார், சத்தம் போட்டால் ஓடிவிடும் என்பதுபோல்.

அன்று தண்ணீரைக் கொஞ்சம் மாற்றி, மிச்சமிருக்கும் மஞ்சளை உறிஞ்ச ஃபில்டரில் கரி வைத்துவிட்டு வந்தேன். உடம்பு தேறியபின் அது ஐப்டேசியாவின் பக்கம் திரும்பியது. முதலில் சிறியவை, பிறகு நடுத்தரமானவை.

அவர் வந்தபோது

கணவர் லீவில் வந்த அன்று நான் அங்கே இருந்தேன். பாறையில் சில பெரிய ஐப்டேசியாக்கள் இன்னும் மிச்சமிருந்தன. அவர் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

“குறைஞ்சிருக்கு. ஆனாலும் முழுசாட்டுப் போகல்லியே. டேங்க வாங்கதுக்கு ஒரு ஆளச் சொல்லி வச்சிருக்கேன்.”

“அந்த ஆளிட்ட வரவேண்டாம்னு சொல்லுங்க,” என்றார் அக்கா. அப்போது அவர் கையில் திறந்த சிப்பி இருந்தது. “நீங்க காசு போட்டு கண்ணாடி வாங்குனீங்க. உள்ள இருக்கது எனக்கதாக்கும்.”

கணவர் என்னைப் பார்த்தார். நான் நைட்ரேட் சோதனைக் குழாயைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். டேங்க் விற்கப்படவில்லை.

இப்போது சொந்தமாகப் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்கிறேன். மீன் தின்னவில்லை என்று யாராவது கூப்பிட்டால், டெஸ்ட் கிட்டைத் திறப்பதற்குமுன் ஒன்று கேட்பேன்: “நீங்க எப்பவும் குடுக்கிற மாதிரியே இப்ப என் முன்னால குடுங்க.” அடுக்களையிலிருந்தே கூடப் போவேன். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் ‘சிப்பி’ என்று மட்டும்தான் பதில் வரும். பாசத்தோடு சேர்த்த எதையும் மக்கள் தனியாகச் சொல்வதில்லை; அதைச் செய்ததாகவே அவர்களுக்குத் தோன்றாது. அதனால் கேட்டு எழுதிக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.