பலகையில் தட்டினால் நிறுத்த வேண்டும்

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகன் எழுதுகிறார். என் பேச்சை அவர் புத்தகத் தமிழாக்கிவிடுவார். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே விடச் சொல்லியிருக்கிறேன்.

என் சீவியத்தில் ஒரே ஒரு வருஷம்தான் வெள்ளைக்காரர் வரிசையில் நின்று என்னிடம் நோவு வாங்கிக்கொண்டு போனார்கள். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பலெர்மோத் துறைமுகப் பக்கம் ஒரு பழைய எண்ணெய்க் கிட்டங்கி இருக்கிறது. இப்போது அங்கே கண்காட்சி வைக்கிறார்கள். கூட்டித் துடைக்கிறது நான். அந்த வருஷம் வந்த கலைஞர் ஒரு சீனப் பெண். முப்பது வயதிருக்கும், பிறவியிலேயே காது கேளாது. சுவரில் எழுதியிருந்ததை மருமகன் வாசித்துச் சொன்னார். முந்தின காலத்தில் சீனாவில் ஐந்தாறு வயதுப் பெண்பிள்ளையின் கால்விரல் நாலையும் உள்ளங்காலுக்குள் மடக்கி முறித்து, நீளத் துணியால் சுற்றிச் சுற்றி இறுக்குவார்களாம். பெருவிரலை மட்டும் விட்டுவிடுவார்களாம். பிள்ளை வளரும், பாதம் வளராது. சின்னப் பாதத்துக்குத்தான் நல்ல மாப்பிள்ளை. கட்டுவது தாய். அழுதால் அடிப்பதும் தாய்தான். இந்தப் பெண்ணின் பூட்டிக்கும் அப்படிக் கட்டினார்களாம். எங்களுக்குக் காதையும் மூக்கையும் குத்தியதோடு விட்டார்களே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவள் படம் வரைந்து மாட்டவில்லை. பார்க்க வருகிறவர்கள் காதை அடைத்துக்கொண்டு முக்காலியில் இருக்க வேண்டும். முதலில் கால் சுடுதண்ணீருக்குள். பிறகு துணி. ஒவ்வொரு சுற்றுக்கும், அடியில் மெஷின் பூட்டிய பலகைத் தரை எலும்பு முறிகிற மாதிரி உதறும். அந்த உதறல் முதுகுத்தண்டு வரை ஏறும். அவளுக்குச் சத்தம் என்றால் அதுதான். பக்கத்தில் இன்னொரு பலகை. தாங்க முடியாவிட்டால் அதில் தட்ட வேண்டும். தட்டினால் நிறுத்த வேண்டும். வாயால் எவ்வளவு கத்தினாலும் சரிவராது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் கத்தினதை யார் கேட்டார்கள்? பலகை அதிர்ந்தால் மட்டும் அவளுடைய வெறுங்காலுக்குத் தெரியும்.

கட்டின காலில் சதை அழுகுமாம், அந்த மணமும் வேண்டும் என்று போத்தல் போத்தலாக என்னவோ தெளித்துப் பார்த்தாள். எல்லாம் சவர்க்கார மணம். நான் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஆட்களின் கடையில் கருவாடு வாங்கி, ஊறவைத்துத் திரைக்குப் பின்னால் வைத்தேன். முதல் நாளே இரண்டு பேர் ஓங்காளித்துச் சத்தி எடுத்தார்கள். அவள் என் நெற்றியில் கொஞ்சினாள். சத்தியைத் துடைத்ததும் நான்தான், அது வேறு கதை.

துணி கட்டுவதற்கு முதலில் மாணவிகளைத்தான் வைத்திருந்தாள். அவர்கள் "ஸ்கூசி, ஸ்கூசி" என்று மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, பூச்சரம் சுற்றுகிற மாதிரிச் சுற்றினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, சீனப் பெண்ணையே முக்காலியில் இருத்தி, அவளுடைய காலை என் மடியில் எடுத்து ஒரு கட்டுக் கட்டினேன். பலகையில் ஓங்கி அறைந்தாள். கண்ணால் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. விரலால் என்னைக் குத்திக் காட்டினாள்: இனி நீதான்.

மற்றவர்களுக்கு அவள் போனில் எழுதிக் காட்டுவாள். எனக்கு எழுத்தால் என்ன பிரயோசனம்? எங்களுக்குக் கைதான் பாஷை. பொத்தின கை என்றால் இன்னும் இறுக்கு.

நான் பதினொரு வருஷம் வீடு துடைத்த வீட்டுக்காரச் சின்யோராவும் வந்தா. வழக்கம்போல அவவின் காலடியில் குனிந்தேன். இந்தமுறை என் கையில் துணி. இரண்டாம் சுற்றிலேயே "பாஸ்தா! பாஸ்தா!", போதும் போதும் என்று கத்தத் தொடங்கினா. நான் பலகையைக் காட்டினேன். அவ பலகையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக் கத்தினா. வாயால் சொன்னால் நான் நிறுத்துவேன் என்று பழகினவ. இன்னொரு சுற்றுச் சுற்றினேன். அதற்குப் பிறகு இரண்டு கையாலும் தட்டினா.

ஒரேத்தோவில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மருமகனும் சிரித்தார். மகள் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வந்து பார் பிள்ளை, என்னட்டைக் கட்டுப்போட எத்தினை பேர் வருகினம் எண்டு."

"உங்கட கையை எனக்குத் தெரியும் அம்மா."

அதோடு எழும்பிப் போய்விட்டாள்.

மகளின் இடது பாதம் மற்றதைவிட இரண்டு அளவு சின்னது. ஒவ்வொரு தடவையும் இரண்டு சோடி சப்பாத்து வாங்குவாள். வன்னியில் சண்டையின் கடைசி மாதங்களில் அவளுக்கு எட்டு வயது. பங்கர் வாசலில் ஷெல் விழுந்து, ஒரு துண்டு கெண்டைக்காலைக் கிழித்தது. குழாய் திறந்த மாதிரி இரத்தம். என் சேலையைக் கிழித்தேன். முழங்காலை அவளுடைய நெஞ்சில் ஊன்றிக்கொண்டு கட்டினேன். கத்தினாள். இன்னும் இறுக்கினேன். வாய்க்குள் துணியை அடைக்கப்போனேன், என் விரலை எலும்பு தெரியக் கடித்தாள். மற்றக் கையால் கன்னத்தில் அறைந்துவிட்டு இன்னொரு சுற்றுச் சுற்றினேன். அவிழ்த்தபோது கால் கறுத்திருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாதம் சரியாக வளரவில்லை. ஷெல் செய்ததா, கட்டுச் செய்ததா என்று இங்கத்தைய டாக்டராலும் சொல்ல முடியவில்லை. என் கட்டால்தான் பிள்ளை தப்பினது என்று நான் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். அவள் ஒருநாளும் ஓம் என்றதில்லை, இல்லை என்றதுமில்லை.

கண்காட்சியின் கடைசி நாள் பின்னேரம், மொண்டெல்லோ ரெஸ்டோரண்டில் குசினி வேலை முடிந்த கையோடு மகள் வந்து நின்றாள். எனக்கு வந்த சந்தோஷப் புளுகத்தைச் சொல்ல முடியாது. முக்காலியைத் தட்டிக் காட்டினேன்.

"இரு பிள்ளை, இரு. உனக்கு மெதுவாக் கட்டிவிடுறன்."

"நீங்கள் இருங்கோ."

"நானோ?"

"ஓம். நீங்கள்தான்."

சீனப் பெண் மகளின் சப்பாத்துகளை, ஒன்று சின்னது ஒன்று பெரிது, கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணியை என் கையிலிருந்து எடுத்து மகளிடம் கொடுத்தாள்.

நான் காதை அடைக்காமலே முக்காலியில் இருந்தேன். மகள் என் நாலு விரலையும் பிடித்து மடக்கினாள். முதல் சுற்று. தரை உதறியது. இரண்டாம் சுற்றில் என் வாயிலிருந்து கெட்ட வார்த்தை வந்தது. மூன்றாவதில் பலகையில் தட்டிவிட்டேன். உடனே நிறுத்தினாள்.

"நான் அண்டைக்கு எவ்வளவு நேரம் கத்தினனான்?"

"தெரியாது. கேக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு கட்டினனான்."

"நிப்பாட்டியிருந்தா?"

"செத்திருப்பாய்."

"வடிவாத் தெரியுமோ?"

இத்தனை வருஷமும் எல்லோருக்கும் சொல்லித் திரிந்த பதில் வாயில் வந்து நின்றது. மருமகன் எழுதட்டும்: எனக்கு வடிவாக, நிச்சயமாகத் தெரியாது.

"தெரியாது பிள்ளை. பயத்திலை கட்டினனான். இறுக்கினது கூடிப்போச்சோ எண்டு எனக்குத் தெரியாது."

அவள் துணியை அவிழ்க்கவில்லை.

"இன்னும் நாலு சுத்துக் கிடக்கு. தட்டுவியளோ?"

நான் பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தேன். அவள் முழங்காலை முக்காலியில் ஊன்றி, துணியைக் குதிக்காலைச் சுற்றிக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்து இழுத்தாள். உள்ளே ஏதோ நெரிந்தது. குளறிக் கத்தினேன். அடுத்த சுற்றுக்கு அவள் இன்னும் வடிவாகப் பிடித்தாள். நல்ல கட்டு.