உப்பங்கழியில் கிடக்கும் குழவி

அறுபதுகளின் கடைசியில், நடு அந்தமானில் ஒரு குடியேற்றக் கிராமத்துப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியையாக இருந்தேன். சுற்றிலும் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். தமிழ் பேச ஒரு ஈ காக்கை கிடையாது. என் ஹிந்தி பாடம் நடத்தவும் மண்ணெண்ணெய் வாங்கவும் போதும். மனசுவிட்டுப் பேச எங்கே போவது? சாயங்காலமானால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் பலமுறை கூப்பிட்டும் தலையை ஆட்டிவிட்டு நழுவிவிடுவேன்.

அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊர் வீட்டை விற்கப்போவதாக அண்ணன் எழுதியபோது, அம்மா அரைத்த அம்மியும் குழவியும் மட்டும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கல்லைப் போய் யாராவது கப்பலில் ஏற்றுவார்களா என்று திட்டிக்கொண்டே அனுப்பிவைத்தான்.

அவற்றையும் சில தேங்காய்களையும் கப்பல் நிற்கும் ஜெட்டியில் வாங்கிக்கொண்டு, உப்பங்கழி வழியாக டுங்கியில் வந்தேன். டுங்கி என்றால் அங்கே சின்னப் படகு. எங்கள் துறையில் படகோட்டி கயிற்றை ஒரு அலையாத்தி வேரில் மாட்டிவிட்டு, கல்லைத் தூக்க ஆள் கூட்டிவரப் போனார். மூங்கில் கழியையும் கையோடு எடுத்துக்கொண்டார். விட்டுவிட்டுப் போனால் வேறு யாராவது படகை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்களாம்.

"உதர்னா மத் டீச்சர்ஜி, மகர்மச் ஹை" என்றார். இறங்காதே, முதலை இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கோ பொறுமை என்பதே கிடையாது. கொஞ்ச நேரம் கொசுக்கடி தாங்கியதும் எழுந்து கரைக்கு ஒரு காலை எட்டி வைத்தேன். கால் சேற்றில் வழுக்கி, படகுக்குள்ளேயே மல்லாக்க விழுந்தேன். உதைத்த வேகத்தில் படகு பின்னால் போனது. கயிறும் வேரிலிருந்து நழுவிவிட்டது.

நடுக்கழியில் போய் நின்றது படகு. கடல் ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குமுன் சற்று நேரம் தண்ணீர் அசையாமல் நிற்கும்; அது அந்த நேரம். வற்றத் தொடங்கினால் படகை நேரே கடலுக்குக் கொண்டுபோய்விடும். கத்தினேன். காட்டில் என் குரல்தான் திரும்பி வந்தது. கையாலேயே துழாவலாம் என்று தண்ணீரில் கை வைத்தேன். எதிர்க்கரையில் மரக்கட்டை மாதிரி கிடந்தது ஒன்று மெல்ல உள்ளே அமிழ்ந்தது. ஐயோ! கையை இழுத்துக்கொண்டேன். நான் செத்தால்கூட இங்கே யாருக்கும் தெரியாது என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

அழுதுகொண்டிருக்கும்போதுதான் அந்த வாரம் நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது. குண்டு முன்னால் பாய்ந்தால் துப்பாக்கி பின்னால் உதைக்கும். மொத்த உந்தம் மாறாது. எத்தனையோ முறை கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்ததுதான். தள்ள ஆளில்லை, ஊன்றக் கழியில்லை. எறிய ஏதாவது இருந்தால் போதுமே!

கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாங்கிவந்த தேங்காய்களை ஒவ்வொன்றாக வீசினேன். படகு கரைப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. அம்மியை என்னால் அசைக்கவே முடியவில்லை. மிச்சம் குழவிதான்.

அதை மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு முனையும் அம்மா கைபட்டு வழுவழுவென்று இருந்தன. "மன்னிச்சுக்கோம்மா" என்று சொல்லி, பலமெல்லாம் கூட்டி வீசினேன். தொப்பென்று விழுந்து மறைந்தது. படகு பின்னால் வழுக்கிக்கொண்டே போய், ஒரு அலையாத்திக் கிளை என் தோளில் உரசியது. இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டேன். படகோட்டி ஆளோடு வந்தபோது தண்ணீர் வற்றத் தொடங்கி, படகு கடல் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"பாகல் ஹோ க்யா?" என்று கத்தினார். எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டார்.

மறுநாள் துவையல் அரைக்க உட்கார்ந்தேன். அம்மி இருக்கிறது, குழவி இல்லை. வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் இருப்பது? வறுத்த மிளகாயைத் தட்டில் எடுத்துக்கொண்டு, முதன்முறையாகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"ஆவோ டீச்சர், பைட்டோ" என்று உட்காரச் சொல்லி, அந்த அம்மாள் தன் அரைகல்லை என் முன்னால் நகர்த்தி வைத்தார். அரைக்கும்போதே உடைந்து அழுதேன். தமிழும் ஹிந்தியுமாக நான் உளறியதில் "அம்மா" என்ற ஒன்று மட்டும் அவருக்குப் புரிந்தது. "மா?" என்று கேட்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அந்தக் குழவி இன்னும் அந்தக் கழிச் சேற்றில்தான் கிடக்கும். போன பிறகும் ஒரு தரம் அம்மா என்னைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டாள் என்றுதான் இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது.