எதிரே இன்னொரு பட்டறை வந்தபோது

எதிரே இன்னொரு லாரி பாடி பட்டறை வந்தால் அண்ணனுக்கு வேலை போய்விடும் என்று நம்பிய அறிவாளி நான். அது வராமலிருக்க நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலைகூட வேண்டிக்கொண்டேன். பட்டறை வந்தது. ஆஞ்சநேயருக்கு என்னைவிட விவரம் தெரியும்.

அண்ணன் ஓமலூர்ப் பக்கம் பிறந்தவர். அப்பா தவறியதும் படிப்பை விட்டு நாமக்கல் வந்து ஒரு லாரி பாடி பட்டறையில் வெல்டிங் பழகினார். பிறகு என்னையும் எடுபிடியாகச் சேர்த்துவிட்டார். எங்கள் பகுதியில் அப்போது அது ஒன்றுதான் பட்டறை. முதலாளி கொடுத்ததுதான் கூலி.

எதிர்ப் பட்டறைக்காரர் வந்த வாரமே அண்ணனை டீ குடிக்க அழைத்தார். கேள்விப்பட்ட எங்கள் முதலாளி, கேட்காமலே அண்ணனுக்குக் கூலியை ஏற்றினார். அவர் மறுபடி அழைக்க, இவர் மறுபடி ஏற்றினார். எடுபிடிகளான எங்களை ஒருவரும் டீக்கு அழைக்கவில்லை. எல்லோரும் குடித்தது ஒரே வெல்டிங் புகைதான். அண்ணன் கூலி மட்டும் எங்களுக்கு எட்டாத தூரம் விலகிப்போனது.

அண்ணன் முதலாளியிடம் போய் எங்களுக்கும் ஏற்றச் சொன்னார்.

“உன்னயக் கூப்பிடறாங்க, ஏத்தறேன். இவனுகள ஆரு கூப்பிடறா சாமி?” என்றார் முதலாளி.

“நாங் கூப்பிட்டுக்கறனுங்க. எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு எதுருக்குப் போறனுங்க.”

அந்நேரம் நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். வேலை ஒன்றுமில்லை, பயம்தான். மனதுக்குள் ஓமலூர் பஸ்ஸே ஏறிவிட்டேன். அண்ணன் குனிந்து பார்த்தார்.

“கோழியாட்டம் அடகாத்துட்டுக் கெடக்காத. எந்திரிச்சு வாடா.”

சாலையைக் கடந்தோம். அங்கே எங்களுக்கும் கூலி ஏறியது. ஆளில்லாமல் தவித்த பழைய முதலாளியும் எடுபிடிகளுக்கு ஏற்றிக் கொடுத்துப் புது ஆள் பிடித்தார். அந்த வருடங்களில்தான் அண்ணன் வீடு கட்டினார், மகளை நர்ஸிங் படிக்க வைத்தார்.

பிறகு பழைய முதலாளி தம் மகளை எதிர் முதலாளியின் மகனுக்குக் கொடுத்தார். இனி இருவருமே நமக்குச் சொந்தம் மாதிரி என்று பந்தியில் நான் பூரித்தேன். அண்ணன் இலையை மடித்தார்.

“இனி ஆரும் ஆரையும் கூப்பிட மாட்டாங்கடா.”

கடந்த ஆண்டு நுரையீரல் கெட்டு, சேலம் மருத்துவமனையில் அண்ணன் காலமானார். உடனிருந்து பார்த்துக்கொண்ட மகளுக்கும், ரத்தம் கொடுத்த பட்டறை நண்பர்களுக்கும், ஒரே காரில் வந்து மாலை போட்ட இரு முதலாளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்தக் கல்யாணத்துக்குப் பின், அண்ணன் கடைசியாக வேலைக்குப் போன நாள்வரை, இரண்டு பட்டறையிலும் யாருக்கும் கூலி ஏறவில்லை.