நாங்கள் எடுத்த பதினான்காம் பக்கம்

ஒவ்வொரு மாலையும் சாப்பாட்டுக்கு முன் அரைமணி நேரம் நாட்குறிப்பு எழுதுவது என் வழக்கம். ஆக்லாந்தில் வந்து இறங்கிய மறுநாள் தொடங்கியது. ஆண்டுக்கு ஒன்றாக இருபத்திரண்டு நோட்டுகள், ஹில்ஸ்பரோ வீட்டின் கராஜில் பெயின்ட் டப்பாக்களுக்கு மேலுள்ள தட்டில் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் தெருமுனை டெய்ரியில் வாங்கியவை; இந்த ஊரில் சில்லறைக் கடைக்கு அதுதான் பெயர். "டெய்ரியில வாங்கின டைரி" என்று என் மனைவி வருடம் ஒருமுறையாவது சொல்லிச் சிரிப்பாள். நேரம், வானிலை, யார் என்ன சொன்னார்கள், நான் என்ன செய்தேன் என்பவை மட்டுமே அவற்றில் இருக்கும். அபிப்பிராயம் எழுதுவதில்லை. பிழையில்லாமல் எழுதிவந்திருக்கிறேன் என்று நம்பியிருந்தேன்.

சென்ற குளிர்காலத்தில் ஸ்பெயினின் வடக்கிலிருந்து ஒரு பெண் பத்திரிகையாளர் மின்னஞ்சல் அனுப்பினார். என் பழைய மேலதிகாரியைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார், தேர்தலுக்கு முன் அது வெளிவர வேண்டும், ஒரு செய்தியை உறுதிப்படுத்த முடியுமா என்று கேட்டிருந்தார்.

அந்த மேலதிகாரி வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்காரர், பொருளாதாரம் படித்தவர். நகர மையத்தில் நான் வேலை பார்த்த சிறிய ஆலோசனை நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் எனக்கு மேலே இருந்தார். அவருடைய அப்பா கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். அந்தத் தளத்தை மூடலாம் என்று, ஊர்ப்பக்கமே வராத யாரோ ஓர் அறிக்கை எழுதினார்களாம். "அறிக்கை எழுதுற ஆள் நானா இருந்தா, எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது போய்ப் பார்ப்பேன். அதுக்காகத்தான் இந்தப் படிப்பு" என்று முதல் வாரமே சொன்னார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். அன்றன்று தமிழில் எழுதிவைத்ததை இங்கே தருகிறேன். எதையும் குறித்துவைப்பதால் என்னை அவர் 'நோட்டரி' என்றுதான் கூப்பிடுவார்.

ஊர் திரும்பியதும் ஒரு கட்சி அவரைப் போக்குவரத்துக் கொள்கை எழுதக் கூப்பிட்டது. அடுத்து பிராந்தியச் சட்டமன்றத்துக்கு நிறுத்தியது. வென்றார், அமைச்சரானார். இப்போது பிராந்திய அரசின் தலைமைக்கே போட்டியிடுகிறார். மேடைதோறும் அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு என்று பத்திரிகையாளர் எழுதியிருந்தார். ஆக்லாந்தில் ஒரு பேருந்து நிறுவனத்துக்காக அறிக்கை தயாரித்தபோது பதினான்காம் பக்கத்தை எடுக்கச் சொன்னார்கள், மறுத்தார், வேலையை விட்டார். 'பதினான்காம் பக்கம்' என்பது அந்த ஊரில் நேர்மைக்கு இன்னொரு பெயராகவே ஆகிவிட்டதாம். இது உண்மையா, ஏதாவது ஆவணம் இருக்கிறதா என்பதே அவர் கேள்வி.

நாட்குறிப்பு இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். பார்க்காமலே எனக்கு விடை தெரியும்.

பதினான்காம் பக்கம் நான் எழுதியது. மவுண்ட் வெல்லிங்டனில் புறப்பட்டு மங்கரே வழியாக விமான நிலையம் போகும் முதல் பேருந்தை நிறுத்திவிட அந்த நிறுவனம் விரும்பியது. ஏறுகிற ஆட்கள் குறைவு என்பது காரணம். "போய்ப் பாருங்க, நோட்டரி" என்று அவர் என்னை அனுப்பினார். பன்னிரண்டு காலைகள் அதில் போனேன். ஆட்கள் குறைவுதான். ஆனால் தினமும் அதே ஆட்கள். விமான நிலையத்தில் துப்புரவு வேலைக்கும் சரக்குக் கிடங்குகளுக்கும் போகிறவர்கள். மூன்றாவது இருக்கையில் எப்போதும் ஒரு சமோவா தீவுக்கார அம்மாள் இருப்பார். நாற்பது நிமிடம் கழித்து வரும் அடுத்த பேருந்தில் போனால் என்ன என்று கேட்டேன். "அடுத்த பஸ்ல போனா வேற வேலைதான் தேடணும்" என்றார். அதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதினேன். மேலதிகாரி ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை.

அந்த நாட்களில் ஒருமுறை அவர் ஹில்ஸ்பரோ வீட்டுக்குச் சாப்பிட வந்தார். என் மனைவி யாழ்ப்பாணத்தவள். நான் திருச்சிக்காரன். தட்டுகளை வைத்துவிட்டு அவள், "வாங்கோ, நாங்கள் சாப்பிடுவம்" என்றாள். என்ன சொன்னாள் என்று அவர் என்னைக் கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. தமிழில் 'நாம்' என்றால் எதிரே இருப்பவரும் சேர்த்தி, 'நாங்கள்' என்றால் அவர் சேர்த்தியில்லை, ஆகவே என் மனைவி முறைப்படி 'நாம்' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும் என்று விளக்கினேன்.

"வந்த மனுசனுக்குச் சோறு போடுறதை விட்டுட்டு வகுப்பு எடுக்கிறார்" என்றாள் மனைவி. "எங்கட ஊரில நாங்கள் எண்டா எல்லாரும்தான். உங்கட ஆக்கள்தான் நாம, நாங்க எண்டு பிரிச்சு வச்சிருக்கிறியள்."

அதையும் மொழிபெயர்த்தேன். ஆனால் அவருக்குப் பிடித்துப்போனது நான் சொன்ன பாகம்தான். "எங்க மொழியில ரெண்டுக்கும் ஒரே சொல். அரசியல்வாதிக்கு உங்க மொழிதான் சரி. ஜெயிச்சா நாம், தோத்தா நாங்கள்" என்று சொல்லி, இரண்டு சொற்களையும் சாப்பாடு முடியும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை பேருந்து நிறுவனத்தாருடன் கூட்டம். பதினான்காம் பக்கத்தை எடுக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். நாற்பது நிமிடம் பேசினார். கப்பல் தளத்தைப் பற்றியும் பேசினார். மேடையில் அவர் சொல்லும் கதை அதுவரை உண்மை.

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் நிறுவனத்தின் உரிமையாளர் அவரைத் தனியே கூப்பிட்டார். மேலதிகாரியின் வேலை விசா முடிய ஆறு வாரம் இருந்தது. அதைப் புதுப்பிக்க உரிமையாளரின் கடிதம் வேண்டும். திரும்பிவந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். எனக்கு விசா பிரச்சினை எதுவும் இல்லை. பத்து வயது மகளுக்குப் பள்ளியில் ஆறு மணிக்கு நிகழ்ச்சி, 5.20 பேருந்தைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். என் காரணம் அத்தனை சிறியது.

"எடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"எடுத்துடுங்க" என்றார்.

எடுத்தேன். பதினைந்தாம் பக்கம் பதினான்காக நகர்ந்தது. பொருளடக்கத்தையும் சரிசெய்தேன். சில வாரங்களில் அந்த முதல் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். அவர் வேலையை விட்டது மூன்று மாதம் கழித்து, கட்சியிலிருந்து அழைப்பு வந்தபின்.

பதின்மூன்றாம் நோட்டில் அந்த நாளின் குறிப்பு இது: "4.50: நாங்கள் பதினான்காம் பக்கத்தை எடுத்துவிட்டோம். 5.20 பேருந்து. 6.05 பள்ளி. மழை."

பத்திரிகையாளருக்கு எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். விடுமுறைக்கு வந்திருந்த மகள் பொறுமையிழந்தாள். "ஜஸ்ட் சே வீ, அப்பா. இட்ஸ் ட்ரூ." உண்மைதான். ஆங்கிலத்தில் 'வீ' என்று போட்டால் யார் யார் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அது எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேலதிகாரியே வீடியோவில் அழைத்தார். அங்கே இன்னும் வெள்ளி முடியவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. டையைத் தளர்த்தியிருந்தார். ஏதோ காரியாலயத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நோட்டரி, அந்தப் பொண்ணு உங்களுக்கு எழுதினாளாமே."

"எழுதினாங்க."

"எழுதி வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன்."

படிக்கட்டில் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எந்தச் சொல்? நானும் இருக்கிறதா, நான் இல்லாததா?"

ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அவருக்கு மறக்கவில்லை. நோட்டைப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. "நாங்கள்" என்றேன்.

அவர் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. சிரித்தார். "அப்போ நான் இல்லை. நீங்களும் உரிமையாளரும். இலக்கணமே சொல்லுதே." யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "நன்றி, நோட்டரி. அதை அப்படியே அவளுக்கு அனுப்புங்க" என்று எழுந்தார். திரை அணைந்தது.

பொய் எதுவும் நான் சொல்லவில்லை. குறிப்பில் இருந்த சொல்லைத்தான் சொன்னேன். அந்த வாசல் வழியாக அவர் வெளியே போய்விட்டார். கதவை நானே திறந்துவிட்டது போல இருந்தது.

சமையலறையில் மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "நீங்கள் எப்ப நாம் எண்டு கதைச்சனீங்கள்?" என்றாள்.

"ஏன், எழுதறப்போ சரியாத்தானே எழுதுவேன்?"

"போய்ப் பாருங்கோவன்."

கராஜுக்குப் போனேன். பகல் முழுவதும் நோட்டுகளை எடுத்துப் படித்தேன். முதல் இரண்டில், திருமணத்துக்கு முன், 'நாம்' இருக்கிறது, 'நாங்கள்' இருக்கிறது, இரண்டும் அதனதன் இடத்தில். மூன்றாவதில் 'நாம்' அருகிவருகிறது. ஐந்தாவதுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. நாங்கள் கடைக்குப் போனோம், நாங்கள் சண்டை போட்டோம், நாங்கள் வீடு மாறினோம். அவளுடைய பேச்சு என் எழுத்துக்குள் வந்து குடியேறியதை நான் கவனிக்கவே இல்லை. சரியாக எழுதுகிறவன் என்ற நினைப்பில், யார் செய்தது என்று சொல்லாத ஒரு சொல்லைப் பதினேழு ஆண்டுகளாக எழுதிவந்திருக்கிறேன். கான்கிரீட் தரையில் உட்கார்ந்ததில் முழங்கால் வலித்தது. இதையெல்லாம் இந்த வயதில் செய்ய வேண்டியிருக்கிறதே என்று அலுப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரே கடிதத்தை இருவருக்கும் அனுப்பினேன். குறிப்பின் படத்தையும், என் பழைய கோப்பில் இருந்த பதினான்காம் பக்கத்தையும் இணைத்தேன். புதன்கிழமை அவர் நாற்பது நிமிடம் மறுத்துப் பேசினார் என்று முதலில் எழுதினேன். வெள்ளிக்கிழமை நான் கேட்டேன், அவர் சொன்னார், நான் எடுத்தேன் என்று அடுத்து எழுதினேன். கடைசியில் அவருக்காக ஒரு வரி: "என் நோட்டில் உள்ள 'நாங்கள்' என் மனைவியுடையது. 'நாங்கள் சாப்பிடுவம்' என்று அவள் சொன்ன அன்று உங்களுக்கும் தட்டு வைத்திருந்தாள்."

ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் வந்தது. வணக்கமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்: நாம்.

ஒப்புக்கொள்கிறாரா, நீயும்தானே என்று எனக்குச் சொல்கிறாரா என்று மனைவி கேட்டாள். இரண்டும் அந்தச் சொல்லில் உண்டு என்றேன். அவரே தன்னைக் கூப்பிட்டுப் பேசியதாகவும் அத்தியாயத்தை மாற்றி எழுதுவதாகவும் பத்திரிகையாளர் பிறகு எழுதினார். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. தேர்தலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பழைய குறிப்புகளில் நான் கைவைப்பதில்லை. திருத்தம் இருந்தால் அது தோன்றிய நாளின் பக்கத்தில் எழுதுவேன். அவர் பதில் வந்த அன்று எழுதியது: "நோட்டு பதின்மூன்று, வெள்ளி, 4.50. 'நாங்கள்' என்பதை 'நானும் அவரும்' என்று படிக்கவும். இன்று மழை இல்லை. மங்கரே வழியாகப் போகும் முதல் பேருந்து இப்போதும் பழைய நேரத்துக்கு நாற்பது நிமிடம் பிந்தித்தான் புறப்படுகிறது."